உங்களோடு கேட்கிறோம்

மழை பிடித்துக்கொண்டால் லாண்டரிக்காரனுக்குப் பாதி நாள் வானத்தைப் பார்ப்பதிலேயே போய்விடும். அந்த வருஷம் மழை விட்டபாடில்லை. விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வந்த பெட்ஷீட்டுகளைக் கொல்லைக் கொடியில் போட வழியில்லை. கடையிலும், கடையை ஒட்டிப் பின்னாலிருந்த வீட்டிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தான். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே நாலு வெள்ளைத் துணிகளை விலக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். மனைவி படுத்திருந்த அறையில் மட்டும் ஈரத்துணி எதுவும் போடவில்லை. ஆனால் ஈரத்துக்குக் கதவு தெரியுமா. அது அங்கேயும் போய் அவள் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

கட்டிலில் சாய்ந்தபடி அவள் வாசல் வழியாகப் பார்த்தால் துணிகளுக்குக் கீழே கால்கள்தான் தெரியும்.

"காலை வச்சே ஆளைச் சொல்லிடுவேன்," என்பாள். "எங்கப்பா நடந்தா அவர் ஓட்டின பஸ்ஸாட்டம் ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்னு வர்ற மாதிரி இருக்கும். நீங்க நடந்தா சத்தமே வராது. திருடனுக்குப் படிச்சிருக்கலாம்."

அவன் படித்தது வேதியியல். பட்டம் வாங்கிய கையோடு வேலை தேடி அலைந்து, கடைசியில் சோப்பும் சோடாவும் நீலமுமாக அப்பா விட்டுப்போன கடையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டான். அதில் அவனுக்கு ஒரு சின்ன முள் உண்டு, வெளியே காட்டமாட்டான். காட்டாமல் இருக்கவும் ஒரு இடம் கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் வேத வாசகம் அவன்தான் வாசிப்பான். நல்ல குரல். உச்சரிப்பு சுத்தம். சபையில் அவனுக்கு 'ரேடியோ' என்று பெயர். கேலியாக வைத்ததுதான். ஆனால் அதைக் கேட்கும்போது அவன் முதுகு தன்னாலே கொஞ்சம் நிமிரும்.

சனிக்கிழமை மாலைகளில் இஸ்திரி மேசையில் புத்தகத்தை விரித்து மறுநாள் வாசகத்தைச் சத்தமாக வாசித்துப் பார்ப்பான். ஆரோக்கியமாக இருந்த நாளில் மனைவி எதிரே நின்று தலையணை உறைகளை மடித்துக்கொண்டே கேட்பாள். இப்போது படுக்கையிலிருந்து கேட்டாள்.

அந்த வாரத்து வாசகம் விசுவாசத்தைப் பற்றியது. சீடர்கள் வந்து தங்கள் நம்பிக்கையைப் பெருக்கும்படி கேட்கிறார்கள். கடுகளவு இருந்தாலே போதும் என்று பதில் வருகிறது.

"அவங்ககிட்ட அந்தக் கடுகளவும் இல்லை போல," என்றாள் அவள். "ஆனாலும் கேட்டாங்க பாருங்க. கூச்சப்படாம."

"ம்."

"என்னங்க."

"சொல்லு."

"நாளைக்கு எனக்காகக் கேளுங்களேன்."

அவன் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தான். துணி கருகவில்லை. இருந்தாலும் தூக்கி வைத்தான்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். பிரசங்கம் முடிந்ததும் போதகர், நோயாளிகளுக்காகக் கேட்பவர்கள் உண்டா என்பார். நோயாளி தனக்காகத் தானே கேட்கக் கூடாது. அவர் வீட்டிலிருந்து ஒருவர் தம் பெஞ்சில் எழுந்து நிற்க வேண்டும். "என் தாய்", "என் தம்பி" என்று உறவைச் சொல்லி, என்ன உபாதை என்பதை ஒரு வரியில் சொல்ல வேண்டும். சபை முழுக்க, "உங்களோடு கேட்கிறோம்" என்று சொல்லித் தலை குனியும். ஜெபம் முடியும்வரை மற்ற எல்லோரும் உட்கார்ந்திருக்க, கேட்டவர் மட்டும் நின்றுகொண்டே இருக்க வேண்டும். பெரிய மனிதர், சின்ன மனிதர் என்று கிடையாது. மேடையில் இருப்பவர்கூட இறங்கி வந்து பெஞ்சில் நின்றுதான் கேட்கலாம். கல்யாணமான பெண்ணுக்குப் புருஷன் இருக்கும்போது பிறந்த வீடு கேட்பதில்லை.

"ஆண்டவருக்குத் தெரியாததா?" என்றான் அவன்.

"அவருக்குத் தெரியும். நான் அவருக்குத் தகவல் சொல்லச் சொல்லலையே. அத்தனை பேரும் சேர்ந்து சொல்வாங்கல்ல, அது எனக்கு வேணும்."

"நீதான் அங்க இருக்கப்போறதில்லையே."

"நீங்க வந்து சொன்னாப் போதும். நான் கேட்ட மாதிரிதான்."

"நுரையீரல்னு தெரிஞ்சா எந்த விடுதிக்காரன் நம்மகிட்ட பெட்ஷீட் குடுப்பான்? ஒட்டாத வியாதின்னு வீடு வீடாப் போய்ச் சொல்ல முடியுமா?"

"நுரையீரல்னு சொல்ல வேணாம். மூச்சு விடக் கஷ்டப்படறான்னு சொல்லுங்க. படி ஏறுனா யாருக்குத்தான் கஷ்டமில்லை."

அவன் முன்வைத்த ஒவ்வொன்றையும் அவள் இப்படி மெல்ல மடித்து ஓரமாக வைத்துவிட்டாள். பிறகு அவனிடம் மிச்சம் இருந்தது ஒன்றுதான். அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. மேடையில் நிற்பது வேறு. அங்கே முன்னால் ஒரு சாய்மேசை இருக்கிறது, கையில் புத்தகம் இருக்கிறது, சொல்வதெல்லாம் வேறொருவருடைய வார்த்தை. பெஞ்சில் வெறுங்கையோடு, எல்லோரும் உட்கார்ந்திருக்க, ஒன்றும் இல்லாதவனாக நிற்பது அவனால் ஆகாது. பாவம் ரேடியோ என்று ஒருவர் மனசுக்குள் சொல்லிக்கொள்வார். அந்தப் 'பாவம்' அவனுக்குத் தாங்காது.

"சரி, சொல்றேன்," என்றான்.

மறுநாள் நன்றாகத்தான் வாசித்தான். பிரசங்கம் முடிந்தது. போதகர் கேட்டார். தச்சர் எழுந்து மருமகளுக்காகக் கேட்டார். தும்மினால் நாலு பெஞ்சு திரும்பிப் பார்க்கிற ஆள், அன்று அவர் குரல் பக்கத்திலிருப்பவருக்கே எட்டவில்லை. ஒரு நர்ஸ் தன் தம்பிக்காகக் கேட்டாள். "வேறு யாராவது?" என்று போதகர் வழக்கமாக விடுகிற இடைவெளியை விட்டார். கூரையில் மழை தட்டிக்கொண்டிருந்தது. மேடை நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவன் தன் ஷூவைப் பார்த்தான். கயிறு ஒரு பக்கம் நீளமாகத் தொங்கியது. அதைச் சரிசெய்யக் குனிந்தான். நிமிர்ந்தபோது ஜெபம் தொடங்கியிருந்தது.

வீட்டுக்குள் நுழையும்போதே குரல் வந்தது.

"சொன்னீங்களா?"

இல்லை என்றுதான் சொல்லப் போனான். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சேர்த்துச் சொல்லவும் வைத்திருந்தான். துணியை விலக்கியபோது அவள் தலைசீவிப் பவுடர் போட்டு உட்கார்ந்திருந்தாள், நல்ல சேதி வரப்போகிற வீட்டுக்காரி மாதிரி.

"சொன்னேன்."

"எல்லாரும் பதில் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"சத்தமாவா?"

"தச்சர் குரல்தான் ஓங்கிக் கேட்டுது."

"அவருக்கென்ன, மரம் அறுக்கிற மெஷினோட பேசிப் பேசிப் பழகினவர்," என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. ஆனாலும் அன்று ஒரு முழு முட்டையைச் சாப்பிட்டாள். இரண்டு துண்டு ரொட்டியும். அந்த வாரம் முழுவதும் குறைந்துகொண்டே வந்த சாப்பாடு அன்று கூடியது. சாயங்காலம் கட்டிலை விட்டு எழுந்து கடைவரைக்கும் வந்து, உறைகளை அடுக்கியிருந்த விதம் சரியில்லை என்று குறை சொல்லிவிட்டுப் போனாள்.

பொய் மருந்தாக வேலை செய்தால் அதை எப்படி நிறுத்துவது? டாக்டர் கொடுத்தது எதுவும் செய்யாததை இது செய்திருந்தது.

வாரத்தின் நடுவில் மாமனார் வந்தார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். தன் மனைவி இறந்தபிறகு ஆலயத்துக்குள் காலெடுத்து வைக்காதவர். மகளுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து ஒரு தூக்குவாளியில் காரட்டும் எலும்பும் போட்ட சூப்போடு வந்துவிடுவார். அன்று அவனுக்குப் பெட்ஷீட் மடிக்க ஆள் இல்லை. பெட்ஷீட்டை இரண்டு பேர் நாலு முனையையும் பிடித்து, இழுத்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளாமலே செய்துவந்த வேலை அது. சண்டை போட்ட நாளில்கூட அந்த மேசையருகே நாளெல்லாம் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துகொண்டுதான் இருப்பார்கள். அவள் படுத்தபிறகு சுவரில் ஆணி அடித்து ஒரு முனையை அதில் மாட்டி மடித்தான்.

"நான் பிடிக்கிறேன் மாப்பிள்ளை."

"வேணாம் மாமா."

"ஆணியைவிட நான் மோசமில்லை. குடுங்க."

பிடித்தார். இழுத்தார். துணி கோணிக்கொண்டு போனது.

"மாமா, திருப்பக் கூடாது. நேரா வரணும்."

"எனக்கு நேரா வரத் தெரியாதே. முப்பது வருஷமா வளைச்சு வளைச்சுத்தான் பழக்கம்."

உள்ளேயிருந்து மகள் சிரித்தாள். "அப்பா, அவர் வேலையைக் கெடுக்காதீங்க."

"நீ பேசாமப் படு. சம்பளம் வாங்காம வேலை பார்க்கிறேன், இதுல மேஸ்திரி வேற."

"அப்பா, ஒண்ணு தெரியுமா? சபையே எனக்காக வேண்டிக்கிட்டிருக்கு. அவர் எழுந்து நின்னு கேட்டார்."

மாமனார் துணியின் மறுபக்கத்திலிருந்து அவனைப் பார்த்தார். "அப்படியா மாப்பிள்ளை?"

"ம்."

"நல்ல காரியம் செஞ்சீங்க." கொஞ்ச நேரம் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் போய்க் கேட்கலாமான்னுகூட நினைச்சேன். உங்க வழக்கம் விடாது. விட்டாலும், நான் உள்ளே நுழைஞ்சு எழுந்து நின்னா முதல்ல போதகருக்காக வேண்ட வேண்டியதாயிடும். இத்தனை வருஷம் வண்டி ஓட்டினேன், ஒருத்தனாவது டிரைவருக்காக வேண்டியிருப்பான்னு நினைக்கிறீங்க? அவனவன் தன் உயிருக்குத்தான் வேண்டிக்கிட்டான்." முனைகளைச் சேர்க்க நடந்து வந்தவர், பக்கத்தில் வந்ததும் குரலைத் தாழ்த்தினார். "அவ முகம் தெளிஞ்சிருக்கு மாப்பிள்ளை. நீங்க கேட்டதுனாலதான்."

அவன் துணியை வாங்கிக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு, நீதிபதியை விடாமல் போய்த் தொந்தரவு செய்து நியாயம் வாங்கிய விதவையைப் பற்றிய வாசகம். சனிக்கிழமை கேட்டுவிட்டு, "அந்தப் பொம்பளையும் நானும் ஒரு ஜாதி. உங்களை விடமாட்டேன்," என்றாள். "நாளைக்கும் கேளுங்க."

அன்றும் கேட்கவில்லை. இரண்டாம் தடவை பொய் எளிதாக வந்தது. கூடவே அலங்காரமும் வந்தது. நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்றான். எப்போதும் வாய் திறக்காத பின் பெஞ்சுக் கிழவர்கூடச் சேர்ந்து பதில் சொன்னார் என்றான். அவள் ஒவ்வொருவராகக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். அந்த வாரம் ஒரு முட்டையில் பாதிதான் இறங்கியது. ஆனால் முகம் தெளிவாகவே இருந்தது.

புதன்கிழமையோ வியாழக்கிழமையோ, பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வந்தாள். அவளும் அதே சபைதான். மழைக்குள் முக்காடு போட்டுக்கொண்டு, வெந்த உருளைக்கிழங்கை ஒரு கிண்ணத்தில் மூடி எடுத்து வந்திருந்தாள். அவன் கூடத்தில் தொங்கிய துணிகளுக்குப் பின்னால் ஈரம் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்தது அவள் காலும் புடவை ஓரமும்தான். குரல்கள் தெளிவாகக் கேட்டன.

"எப்படி இருக்கே தங்கச்சி? சளின்னுதான் உன் வீட்டுக்காரர் சொன்னாரு. இப்படி இளைச்சுப் போயிட்டியே."

"உக்காருங்கக்கா. உங்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை."

"இந்தக் கிழங்குக்கா? நாலு கிழங்கு."

"கிழங்குக்கில்லை. ஞாயித்துக்கிழமை எல்லாரும் எனக்காக வேண்டிக்கிட்டீங்களே. ரெண்டு வாரமா."

கால்கள் அசையவில்லை. அவன் கையில் ஈரத்துணியின் முனை இருந்தது. ஓடிப்போய் நடுவில் விழலாம். என்ன சொல்லி விழுவது?

"ஆமா," என்றாள் தையல்காரம்மா. "ஆமாம்மா. வேண்டினோமே. வேண்டாம இருப்போமா."

"நீங்க எங்க உக்காந்திருந்தீங்க? அவர் நின்னது தெரிஞ்சுதா?"

"நல்லாத் தெரிஞ்சுதே. மேடையிலேயே நின்னாரு. வாசிச்சு முடிச்ச கையோட அப்படியே கேட்டாரு. எங்களுக்கெல்லாம் நெஞ்சு அடைச்சுப் போச்சு."

மேடையில் நின்று கேட்க முடியாது என்று சபையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். நல்லெண்ணத்தில் அவசரப்பட்டுத் தையல்காரம்மா தான் பார்த்த காட்சியையே சொல்லிவிட்டாள். அவனை அவள் மேடையில் மட்டும்தான் பார்த்திருந்தாள்.

"ஆமாக்கா," என்றாள் மனைவி கடைசியில். "அவர் குரல் நல்லாத்தான் இருக்கும். கிழங்கு சூடா இருக்கு போலிருக்கே."

அவன் அறைக்குள் போனபோது கிண்ணம் மூடியபடியே இருந்தது. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கேட்பாள் என்று நின்றான். கேட்கவில்லை. திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள், "அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க," என்றாள். சாத்தினான்.

சனிக்கிழமை வாசித்துப் பார்த்தான். ஆலயத்துக்கு ஜெபிக்கப் போன இருவரைப் பற்றிய வாசகம். ஒருவன் முன்னால் நின்று, மற்றவர்களைப் போல் தான் இல்லை என்று ஆண்டவருக்கு நன்றி சொல்கிறான். ஊர் வெறுக்கிற வரி வசூலிப்பவன் தூரத்தில் நின்று, தலையைத் தூக்காமல், இரங்கும்படி கேட்கிறான்.

முடித்துவிட்டுக் காத்திருந்தான்.

"நல்லா வாசிச்சீங்க," என்றது உள்ளிருந்து வந்த குரல்.

"நாளைக்கு…" என்று ஆரம்பித்தான்.

"நாளைக்கு மறக்காமக் குடை எடுத்துட்டுப் போங்க. போன வாரம் நனைஞ்சுட்டு வந்தீங்க."

அவ்வளவுதான். கேளுங்கள் என்று அவள் சொல்லவில்லை. மாதக்கணக்கில் அவள் இருமலைக் கேட்டவனுக்கு, அந்த ஒரு வார்த்தை இல்லாமல் போன வீடு தாங்க முடியாததாக இருந்தது.

மறுநாள் மாமனார் வந்து மகளுக்குத் துணையாக உட்கார்ந்துகொண்டார். அவன் குடையோடு போனான். மேடையில் நின்று வாசித்தபோது, பல வருஷமாக வாசித்தும் காதில் விழாத ஒன்று விழுந்தது. முன்னால் நின்றவன் நீளமாகப் பேசுகிறான். அவ்வளவு பேச்சில் ஒரு கேள்வி இல்லை, ஒரு வேண்டுதல் இல்லை. அவன் எதையும் கேட்கவே இல்லை. அவனுக்கு எதுவும் தேவைப்படவில்லை. அந்த இடத்தில் குரல் நின்றுவிட்டது. சபை அதை வாசிப்பின் நயம் என்று எடுத்துக்கொண்டது.

போதகர், நோயாளிகளுக்காகக் கேட்பவர்கள் உண்டா என்றார். அவன் மேடையிலிருந்து இறங்கினான். பெஞ்சுக்குப் போய் உட்காராமல் நின்றான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"என் மனைவி," என்றான். குரல் ரேடியோக் குரலாக இல்லை. "மூச்சு விட முடியலை. நுரையீரல்."

சபை ஒரு கணம் அவனையே பார்த்தது. பிறகு, "உங்களோடு கேட்கிறோம்." தச்சரின் குரல்தான் ஓங்கிக் கேட்டது. தலைகள் குனிந்தன. எல்லாத் தலைகளின் உச்சியும் அவனுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான் நடந்தது. கூரை இடிந்து விழவில்லை. யாரும் பாவம் என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அது அவனை ஒன்றும் செய்திருக்காது போல இருந்தது. இதற்காகவா இத்தனை பயந்தேன் என்று நினைத்தான். இதைச் செய்யவா.

குடையை ஆலயத்திலேயே விட்டுவிட்டு நனைந்துகொண்டு ஓடினான். மாமனார் கட்டிலருகே உட்கார்ந்து கரண்டியால் சூப் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"சொன்னேன்," என்றான். மூச்சு வாங்கியது. "இன்னைக்குச் சொன்னேன். பெஞ்சுல நின்னு சொன்னேன்."

"அதான் வாராவாரம் சொல்றீங்களே மாப்பிள்ளை," என்றார் மாமனார். "அதுக்கு ஏன் நாய் துரத்தின மாதிரி ஓடி வர்றீங்க? முதல்ல தலையைத் துவட்டுங்க."

அவள் அவனைப் பார்த்தாள். "யார் குரல் ஓங்கிக் கேட்டுது?"

"தச்சர் குரல்."

அவள் மெல்லத் தலையசைத்தாள். "தச்சர் குரல்," என்றாள், கரண்டியை வாங்கிக்கொண்டு.

மாமனார் தூக்கைக் கழுவக் கொல்லைப் பக்கம் போகும்வரை அவன் துண்டோடு நின்றான். போனதும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

"முதல் ரெண்டு வாரமும் சொல்லலை," என்றான். "பொய் சொன்னேன்."

"தெரியுங்க."

"இன்னைக்கு நிஜமாவே சொன்னேன்."

"சரிங்க."

"நம்பலையா?"

"நம்பறேன். நான்தான் சரின்னு சொல்றேனே." குழந்தை சொல்கிற கதைக்குத் தலையாட்டுகிறவள் மாதிரி அவ்வளவு அக்கறையோடு சொன்னாள். "ஈரச்சட்டையோட உக்காராதீங்க."

அப்போதுதான் வாசலில் குரல் கேட்டது. தையல்காரம்மா முக்காடு நனைய, செருப்பைக்கூடக் கழற்றாமல் துணிகளை விலக்கிக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"தங்கச்சி, இன்னைக்கு நீ பார்த்திருக்கணும். உன் வீட்டுக்காரர் பெஞ்சுல நின்னு, வெறுங்கையோட… இந்தச் சபையில அப்படி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. சத்தியமாச் சொல்றேன். எல்லாரும் அழுதோம்."

மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரியும்க்கா. அன்னைக்கே சொன்னீங்களே."

தையல்காரம்மா அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். சத்தியத்துக்கு மேல் எடுத்துக் கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, மழை வலுக்கிறது என்று சொல்லிப் போய்விட்டாள்.

அவள் போனதை உறுதி செய்துகொள்வதுபோல் மனைவி வாசலைப் பார்த்தாள். கால்கள் தெரியவில்லை. அப்புறம் அவன் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் சொன்னாள்:

"அவங்களை எல்லாம் இதுல இழுக்காதீங்க. பாவம், அவங்களுக்குப் பொய் சொல்ல வராது."

அந்த வாரம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். அடுத்த ஞாயிறு மாமனார் அவன் கூட வந்தார்; எத்தனையோ வருஷம் கழித்து உள்ளே வந்து, கடைசி பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். வாசகத்தை வேறொருவர் வாசித்தார். பிரசங்கம் முடிந்ததும் அவன் எழுந்திருக்கப் பார்த்தான். மாமனார் அவன் முழங்காலில் கையை வைத்து அழுத்தினார். இறந்தவர்களுக்காக யாரும் எழுந்து நிற்க வேண்டியதில்லை. அவர்களுக்கான ஜெபத்தைப் போதகரே சொல்லிவிடுவார்.